விளம்பரத்துக்கு இடம்விட்ட வரி

செத்தவர் படத்துக்குப் பக்கத்தில் சிக்கன் மசாலா விளம்பரம் வரக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் விளம்பரக் கம்பெனி அதையும் ஒரு விதியாக எழுதி அனுப்பியிருந்தது. படத்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் விட வேண்டும். ‘விளக்கேற்று’ என்கிற பொத்தானை ஒட்டி விளம்பரம் இருக்கக் கூடாது. விளக்கேற்ற வந்தவர் கண்ணீரோடு தடவி விளம்பரத்தைத் தொட்டுவிட்டால் அது ஏமாற்று வேலையாம். பக்கத்தின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளம்பரம் போகக் கூடாது. ஒரு பக்கத்தில் இருக்கிற எழுத்து இன்னொரு பக்கத்தில் அப்படியே வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, பக்கம் ரொம்பச் சோகமாக இருக்கக் கூடாது. சாவு அறிவிப்பு சோகமாக இருக்கக் கூடாதென்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

என் பெயர் ஆவுடையம்மாள். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் ‘நினைவு முற்றம்’ என்ற இணையதளம் நடக்கிறது. அங்கே நான் பக்கம் கட்டுகிறேன். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவதற்குத் தடை வந்தபிறகு ஜில்லாவில் நடக்கிற சாவெல்லாம் எங்களிடம்தான் வரும். வீட்டார் படமும் விவரமும் கொடுத்தால் போதும், நாங்கள் காசு வாங்குவதில்லை. விளம்பரத்தில்தான் பிழைப்பு ஓடுகிறது.

வீட்டார் என்ன எழுதிக் கொடுப்பார்கள்? பெயர், வயது, இன்ன நேரத்தில் காலமானார், இன்ன இடத்தில் அடக்கம். நாலு வரி. அந்த நாலு வரிக்கு மூன்று விளம்பரம் எப்படி உட்காரும்? விளம்பரம்தான் பக்கமாக இருக்கும், செத்தவர் ஓரமாக இருப்பார். முன்பெல்லாம் ‘ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று நீட்டி முழக்கி எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி போட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். கம்பெனி கண்டுபிடித்து ஒரு மாதம் விளம்பரத்தையே நிறுத்திவிட்டது. அப்போதுதான் எங்கள் முதலாளி ஞானராஜ் அண்ணாச்சி அந்த மிஷினைக் கொண்டுவந்து என் கணினியில் ஏற்றினார்.

“இதுக்குப் பேரு நிரப்பி. விளம்பரக் கம்பெனிக்காரனே சும்மா குடுக்கான்,” என்றார். “நீ நாலு வரிய உள்ள போடு. விளம்பரம் ஒக்கார எவ்வளவு எழுத்து பத்தலையோ அவ்வளவையும் அதுவே எழுதிக்கிடும்.”

“எதப் பாத்து எழுதும் அண்ணாச்சி?”

“நம்ம பழைய பக்கம், கல்யாணப் பத்திரிகை, ஊர்ச்சங்க போட்டோ, எவன் எங்க என்ன எழுதிப் போட்டிருந்தாலும் தேடிப் புடிச்சுக்கிடும். கெடைக்காதத அதுவா யோசிச்சுக்கிடும்.”

“யோசிச்சுக்கிடும்னா?”

“ஏம்மா, சாம்பார்ல உப்பு இருக்கான்னு பாப்பியா, உப்பு எந்த ஊர்லேருந்து வந்துதுன்னு பாப்பியா?”

அவர் கெட்டவர் இல்லை. என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் கார் அனுப்பியவர். அவரிடம் ஒரு அளவுக்கு மேல் எனக்கு வாய் நீளாது.

நிரப்பியின் ஓரத்தில் ஒரு எண் ஓடும். அதற்குத் துயர அளவு என்று பெயர். நாற்பதைத் தாண்டினால் விளம்பரம் வராது, இடம் வெள்ளையாகக் கிடக்கும். நிரப்பி எழுத எழுத அந்த எண் இறங்கும். ‘கிரிக்கெட் என்றால் உயிர்’ என்று எழுதினால் கொஞ்சம் இறங்கும். ‘பேரப்பிள்ளைகளோடு கேரம் விளையாடுவார்’ என்றால் இன்னும் கொஞ்சம். நான் படித்துப் பார்த்து ‘சரி’ பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சில மாதம் கழித்து ஒரு விஷயம் என் கண்ணில் உறுத்தியது. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

“அண்ணாச்சி, இது எல்லாரையும் மன்னிக்க வைக்குது.”

“யார?”

“செத்தவங்கள. இந்த வாரம் நான் கட்டுன பக்கத்துல பாதிப் பேரு சாகும்போது யாரையோ மன்னிச்சிருக்காவ. மீதிப் பேரு யார்ட்டயோ மன்னிப்பு கேட்டிருக்காவ. நம்ம ஊர்ல என்னைக்கு இப்படி நடந்திருக்கு? வாய்க்கா தகராறுக்கு மூணு தலைமொற பேசாம இருக்க ஊரு இது.”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். “கம்பெனிக்காரன்ட்ட நானும் கேட்டேன். அதுக்கு மன்னிப்புன்னா என்னன்னே தெரியாதாம். அது எடத்தத் தேடுது, அவ்வளவுதான். மன்னிப்பு வந்துட்டா துயர அளவு மடமடன்னு எறங்குது. அதோட படிக்கவன் அந்த வரியில வந்து நிக்கான். திரும்பப் படிக்கான். அவன் நிக்க நேரத்துல பக்கத்துல உள்ள விளம்பரம் அவன் கண்ணுல படுது. அதனால திரும்பத் திரும்ப அதையே எழுதுது.”

“ஆனா பொய்யில்லா அது?”

“யாருக்கு நட்டம்? வீட்டுக்காரன் எவனாவது வந்து ‘எங்க அப்பா மன்னிக்கல’ன்னு சண்டை போட்டிருக்கானா? படிச்சிட்டு அழுதுட்டுப் போறான். நல்லதுதான நடக்குது, விடு.”

விட்டேன். மனசு அரித்தது, ஆனாலும் விட்டேன். அதுதான் என் லட்சணம்.

தச்சநல்லூர் உச்சிமாகாளி இறந்த அன்று அவர் மூத்த மருமகன் சங்கரபாண்டி படத்தோடு வந்தார். மரக்கடை வைத்திருந்த மனிதர், இரண்டு பெண்கள், ஆண் வாரிசு கிடையாது. சின்ன மகள் துபாயிலிருந்து வர வேண்டும் என்பதால் உடம்பை ஐஸ் பெட்டியில் வைத்து மூன்றாம் நாள்தான் எடுக்கப்போகிறார்கள். நாலு வரி எழுதிக் கொடுத்தார். பக்கத்தை மெருகேற்றச் சம்மதம் என்கிற கட்டத்தைப் படிக்காமலே தொட்டார். யாரும் அதைப் படிப்பதில்லை.

“கூடப் பொறந்தவங்க யாரும் உண்டா?” என்று கேட்டேன்.

“ஒரு தம்பி உண்டு, சொடலைக்கண்ணுன்னு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு. எங்களோட போக்குவரத்து கெடையாது. அவரு பேரப் போட வேண்டாம்.”

நான் போடவில்லை. நிரப்பி போட்டது.

எங்கள் தளத்திலேயே உச்சிமாகாளியின் அம்மாவுக்கு, அவர் இறந்து பல வருஷம் கழித்துப் போட்ட ஒரு நினைவுநாள் பக்கம் இருந்தது. அதற்கடியில் சுடலைக்கண்ணு என்றொருவர் வருஷா வருஷம் வந்து விளக்கேற்றி, ‘என் கையால கொள்ளி வாங்காம போயிட்டியேம்மா’ என்று ஒரே வரியை எழுதிவிட்டுப் போயிருந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியுமல்லவா, அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். இங்கே இளையவர் வந்து சேருவதற்குள் மூத்தவரே வைத்துவிட்டார் போலிருக்கிறது. நிரப்பி அதைக் கண்டுபிடித்து இப்படி எழுதியது:

‘அம்மாவுக்கு என் தம்பி வைக்க வேண்டிய கொள்ளியை அவசரப்பட்டு நான் வைத்துவிட்டேன். அந்தப் பாரம் இன்னும் என் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. எனக்காவது அவன் கையால் வைக்கட்டும் என்று கடைசி நாட்களில் உச்சிமாகாளி சொல்லிக்கொண்டே இருந்தார்.’

ஐம்பத்தெட்டில் நின்ற துயர அளவு முப்பத்தொன்பதுக்கு வந்தது. வெள்ளையாகக் கிடந்த மூன்று கட்டத்திலும் விளம்பரம் வந்து உட்கார்ந்தது. மேலே வீட்டு மனை, நடுவே முட்டிவலித் தைலம், கீழே பதினாறாம் நாள் சாப்பாடு. எல்லாம் விதிப்படி, விரற்கடை பிசகாமல் இருந்தது.

போடவேண்டாம் என்று மருமகன் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. சங்கரபாண்டிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். நன்றாக இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. ‘சரி’யை அமுக்கினேன். சோம்பலிலோ பயத்திலோ அமுக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, அதனால் அமுக்கினேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

மூன்றாம் நாள் காலையில் நான் ஆபீஸுக்குப் போனபோது மாடிப்படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மடிப்புக் கலையாத புது வேட்டி எட்டிப் பார்த்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“நினைவு முற்றம் இதுதான தாயி? நான் தச்சநல்லூர் உச்சிமாகாளிக்குத் தம்பி. சொடலைக்கண்ணு.”

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கால் வைக்கவே எடமில்லாத கூட்டம். பெட்டிக்குப் பக்கத்துல போயி நின்னேன். மதினி மொகத்தத் திருப்பிக்கிட்டாவ. மருமவன் எந்திரிச்சு வந்து, ‘எதுக்கு வந்தீரு’ன்னு கேட்டாரு. ‘எங்க அண்ணன் கூப்புட்டாரு, வந்தேன்’னேன். போனக் காட்டுனேன். ‘எங்க மாமா அப்படி ஒரு நாளும் சொன்னதில்ல. நீரே ஆளப் புடிச்சு எழுதிப் போட வச்சிருக்கீரு’ன்னுட்டாரு.”

“மதினி ஒண்ணும் சொல்லலையா?”

“இல்ல. அவ்வளவு பேரு முன்னாடி நான் பொய்யனாயிட்டேன். ராத்திரி பஸ் ஸ்டாண்டுலதான் கெடந்தேன்.” செம்பைக் கீழே வைத்தார். “தாயி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இத ஒங்ககிட்ட சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க ஒரு எட்டு வந்து, ஆமா உச்சிமாகாளி சொன்னாருன்னு சொல்லிட்டா போதும். மத்தியானத்துக்கு மேல எடுத்துருவாங்க. மருமவனே கொள்ளி வைக்கப் போறாராம். அவரு நல்லவருதான், ஆனா பங்காளி நான் ஒருத்தன் உசிரோட இருக்கேன்ல?”

அண்ணாச்சி தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“போ, அவருகூட போயி, உச்சிமாகாளியே போன வாரம் நமக்குப் போன் போட்டுச் சொன்னாருன்னு சொல்லிட்டு வந்துரு.”

“அண்ணாச்சி.”

“ஒரே ஒரு வார்த்தை ஆவுடை. அந்த மனுசன் அண்ணனுக்குக் கொள்ளி வைப்பாரு, திருப்பூருக்குப் போயி நிம்மதியா ஒறங்குவாரு. அந்த வீட்டுக்காரங்களும் காரியம் முடிஞ்சதும் மறந்துருவாங்க. உண்மையச் சொல்லி நீ யாருக்கு என்ன சம்பாரிச்சுக் குடுக்கப் போற?”

“நான் இனிமே பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. சொன்ன பொய்யே எனக்குத் தொண்டையில நிக்கி.”

“பின்ன என்ன செய்யப் போற?”

“போயி உள்ளதச் சொல்லுதேன். அவரு எழுத வைக்கலன்னாவது அவங்களுக்குத் தெரியட்டும். ஒரு நல்ல மனுசன் பொய்யன்னு பேரு வாங்கிட்டு நிக்காரு.”

பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை என்று நினைப்பு எனக்கு. அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒன் மனசு லேசாகணும்னு போற, போ,” என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆட்டோவில் போகிற வழியில் சுடலைக்கண்ணு பேசிக்கொண்டே வந்தார். அம்மா இறந்த சேதி கேட்டுத் திருப்பூரிலிருந்து புறப்பட்ட பஸ் திண்டுக்கல் தாண்டி நின்றுபோனதாம். அடுத்த வண்டி பிடித்து, அதுவும் கோவில்பட்டி வரைதான் என்று இறக்கிவிட்டு, லாரியில் ஏறி வந்து சேர்ந்தபோது வாசல் கழுவி விட்டிருந்தார்களாம்.

“ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்திருக்கலாம்ல தாயி? வாசல்ல தண்ணி இன்னும் காயல. எங்க அண்ணன் தலைய முழுகிட்டு ஈர வேட்டியோட நிக்காரு. நான் ஒண்ணுமே பேசல. அப்படியே திரும்பிட்டேன். அதுக்குப் பெறவு பாக்கவே இல்ல.” போனை எடுத்து எங்கள் பக்கத்தைத் திறந்தார். “முந்தாநேத்து இதப் பாத்ததுலேருந்து எத்தனை தடவ படிச்சேன்னு எனக்கே தெரியாது. பக்கத்துல உள்ள இந்த முட்டிவலித் தைலம்கூட மனப்பாடம் ஆயிட்டு. ஊருக்குப் போனதும் ஒண்ணு வாங்கணும்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேர்தான். ‘ஐயா, அது நாங்கள் எழுதியது’ என்று சொல்லியிருந்தால் அவர் அங்கேயே அழுது முடித்திருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது. வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாவு வீட்டில் பந்தல் நிறைய ஆள். பெட்டிக்குள் உச்சிமாகாளி நெற்றி நிறைய விபூதியோடு கிடந்தார். தலைமாட்டில் அவர் சம்சாரம் முப்பிடாதியம்மாள், இரண்டு பக்கமும் மகள்கள். சங்கரபாண்டி எங்களைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“இவருதான் ஒங்கள எழுதச் சொன்னாரு, இல்ல? உள்ளதச் சொல்லுங்க.”

“இவரு சொல்லல அண்ணே. யாருமே சொல்லல,” என்றேன். சத்தமாகச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று. “அது மிஷின் எழுதுனது. விளம்பரத்துக்கு எழுத்து பத்தலைன்னா அதுவே ஏதாவது எழுதிச் சேத்துக்கிடும். இவங்க அம்மா பக்கத்துல இவரு எழுதியிருந்ததப் பாத்து அதுவா ஒரு கதை கட்டிட்டு. நான் பாத்துட்டும் விட்டுட்டேன். தப்பு எங்க தப்பு. இவரு மேல எதுவும் இல்ல.”

சங்கரபாண்டிக்கே சங்கடமாகிவிட்டது போல, “சின்ன மாமா, தப்பா நெனச்சுட்டேன், உக்காருங்க,” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சுடலைக்கண்ணு உட்காரவில்லை. என்னைத்தான் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? எல்லோரும் பொய்யன் என்று சொன்னபோதுகூட அவர் முகம் அப்படி இல்லை.

“அப்ப எங்க அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?”

“எங்களுக்குத் தெரியாதுய்யா. மிஷினுக்கும் தெரியாது.”

“எந்த விளம்பரத்துக்கு?”

“என்னதுய்யா?”

“எழுத்து பத்தலைன்னியளே. எந்த விளம்பரத்துக்குப் பத்தல?”

“எல்லாத்துக்கும்தான்,” என்றேன். “அந்தத் தைலத்துக்கும்.”

தலையை ஆட்டினார். பையிலிருந்த புது வேட்டியை எடுத்துப் பெட்டியின் மேல் விரித்தார். கீழே விழுந்து கும்பிட்டார். எழுந்து, “நடக்கட்டும், மருமவனே வைக்கட்டும்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். சங்கரபாண்டி பின்னாலேயே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார், திரும்பவில்லை. கூட்டத்தில் ஒருத்தனாக நின்று பார்க்க அவரால் முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. முப்பிடாதியம்மாள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்கும் கிளம்ப வேண்டும்தான். போகவில்லை. உடம்பை எடுத்தார்கள். சிந்துபூந்துறைச் சுடுகாட்டுக்கு ஆண்கள் போனார்கள். வீட்டுப் பெண்கள் வாசலில் தண்ணீர் ஊற்றினார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியைத் தேடிக்கொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றேன். கிடைக்கவில்லை.

யாரோ என் கையைப் பிடித்தார்கள். முப்பிடாதியம்மாள், தலையில் ஊற்றிய தண்ணீர் சொட்டச் சொட்ட. என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“ஏம்மா, நெசமாவே அத மிஷினா எழுதுச்சு? யாரும் ஒட்டுக்கேட்டு வந்து சொல்லலையே?”

“சத்தியமா இல்லம்மா. ஏன் கேக்கிய?”

“அவரு சொன்னாரும்மா.”

“என்னது?”

“இவ்வளவு அழகால்லாம் சொல்லல. ஆஸ்பத்திரியில, கடேசி நாளு. ரூம்ல நான் மட்டுந்தான் இருந்தேன். ‘சின்னவன் வருவானாட்டி’ன்னு கேட்டாரு. நான் பேசாம இருந்தேன். ‘வந்தா அவனையே வைக்கச் சொல்லு. அம்மாவுக்கு அவன் வச்சிருக்கணும்’னாரு. அவ்வளவுதான்.”

சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“அப்பவே சொல்ல வேண்டியதுதானம்மா? நேத்து அவரு வந்து நின்னாரே. இன்னைக்கு நின்னாரே.”

“எப்படிச் சொல்லுவேன்? அன்னைக்கு எங்க மாமியாள இருட்டுக்கு முன்னாடி எடுத்துரணும்னு ஒத்தக்கால்ல நின்னது நான்தான். கைப்புள்ளய வச்சுக்கிட்டு ரெண்டு நாளா பட்டினி, எனக்குத் தாங்க முடியல. அவரு தம்பி வரட்டும்னுதான் சொன்னாரு. நான் சத்தம் போட்டேன். பழிய அவரு எடுத்துக்கிட்டாரு, எங்கேயும் என் பேரச் சொல்லல. இப்ப இதச் சொன்னா அதயும்ல சொல்லணும்? ஒங்க பக்கத்தப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. யாருக்கோ தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். நீ வந்து மிஷின் எழுதுனதுன்னு சொன்னியே, அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. தப்பிச்சேன்னு அப்படியே இருந்துட்டேன். பாவி நான்.”

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த அம்மா பயத்திலாவது உண்மையைச் சொல்லியிருப்பார். அண்ணாச்சி சொன்ன பொய்யைச் சொல்லியிருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும். உள்ளதைச் சொல்கிறேன் என்று போய், உள்ளதைக் கெடுத்தவள் நான் ஒருத்திதான்.

“இப்ப வாங்கம்மா, ஆட்டோ புடிச்சுப் போவோம். பஸ் ஸ்டாண்டுலதான் இருப்பாரு.”

“பதினாறு கழியாம நான் வாசப்படி தாண்ட முடியுமா? இந்தக் கோலத்துல?” என்று தன் வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். “போன் நம்பரத் தாரேன். நீ அவரப் பாத்ததும் போடு. நானே சொல்லுதேன். எல்லாத்தயும் சொல்லுதேன்.”

வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் வண்டி புறப்படுகிற நேரம். ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார் சுடலைக்கண்ணு. பை காலியாக மடியில் கிடந்தது. நான் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூச்சிரைத்தது.

“ஐயா, ஒங்க அண்ணன் சொல்லியிருக்காரு. நெசமாவே சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரியில வச்சு ஒங்க மதினிட்ட. அந்த அம்மாவே இப்ப எங்கிட்ட சொன்னாவ.”

அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துப் பாவப்பட்ட மாதிரி இருந்தது.

“இதுவும் அது எழுதிக் குடுத்ததா தாயி?”

“ஐயோ, இல்லய்யா. எங்க மாமியா மேல சத்தியமா இல்ல. நீங்களே கேளுங்க.” நம்பரைப் போட்டேன். முப்பிடாதியம்மாள் உடனே எடுத்தார், காத்துக்கொண்டே இருந்திருக்கிறார். போனைப் பெரியவர் கையில் திணித்தேன்.

வண்டிச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் எனக்கும் கேட்டது. தம்பி, நான்தான், மதினி. ஒங்க அண்ணன் ஒங்களக் கேட்டாரு தம்பி. அன்னைக்குப் பொறுக்காதது நான்தான், அவரு இல்ல. அழுகையில் பாதி புரியவில்லை. சுடலைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். கண்டக்டர் விசில் கொடுத்தபிறகுதான் கண்ணைத் திறந்தார்.

“எங்க மொதலாளி செத்து ரெண்டு வருசம் ஆவுது,” என்றார் என்னிடம். “இன்னமும் தீவாளிக்குத் தீவாளி போன் போட்டு, எங்க ஒவ்வொருத்தன் பேரயும் சொல்லி, புள்ளைக நல்லா படிக்குதான்னு கேப்பாரு. அவரு மவன் மிஷின்ல அப்படி ஏற்பாடு பண்ணி வச்சிருக்காரு. நாங்களும் ‘நல்லா படிக்கு மொதலாளி’ன்னு சொல்லுவோம்.”

போனை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

“ஒங்க மனசு கேக்காம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்திருக்கிய. நல்லாருங்க தாயி,” என்றார். “நல்லா செஞ்சிருக்கிய. அச்சு அசல் எங்க மதினி கொரலுதான்.”

வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன். ‘அது அவுகதான்யா, அது அவுகதான்’ என்று கத்தினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

போனில் முப்பிடாதியம்மாள் இன்னும் இருந்தார். “ஏம்மா, இருக்கியாம்மா? தம்பி என்ன சொன்னாரு? ஒண்ணுமே சொல்லலையே. என்னம்மா சொன்னாரு?”

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கோவையாக, தடங்கல் இல்லாமல் வந்தது.

“மனசுல ஒண்ணும் வச்சுக்கலையாம்மா. அண்ணன் கேட்டதே போதும்னு சொன்னாரு. ஒங்களயும் எதயும் நெனச்சு வருத்தப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு.”

அந்தப் பக்கம் விம்மல் கேட்டது.

“அப்படியா சொன்னாரு?”

“ஆமாம்மா,” என்றேன். “அப்படித்தான் சொன்னாரு.”